கூரையில் விட்டுவைத்த பனி: தம்மாமிலிருந்து தபூக் வரை

போலந்தில் பனிக்காலத்தில் லாரியைச் சாலையில் இறக்கும் முன், அதன் கூரையில் கிடக்கும் பனியையும் ஐஸையும் ஓட்டுநர் முழுக்கத் தள்ளிவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தம்மாமில் செல்போன் கவர் விற்கும் எனக்கும் அந்தச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தச் சம்பந்தத்துக்காகத்தான் கடந்த ஜனவரியில் ஒரு வியாழன் அதிகாலை கிளம்பி, ஞாயிறு மாலை வரை 3,700 கிலோமீட்டர் கார் ஓட்டிவிட்டு வந்தோம்.

சம்பந்தத்தின் பெயர் கருப்பையா. சிவகங்கைப் பக்கம் ஊர். பதினான்கு வருடமாக இங்கே டிரெய்லர் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை தோறும் என் கடைக்கு வந்து ஏதாவது ஒரு சார்ஜர் வயரை விலை கேட்டு, வாங்காமல், டீ குடித்துவிட்டுப் போவார். அவருடைய கம்பெனி டிரெய்லர்களை எல்லாம் விற்கப்போகிறது. மார்ச்சோடு விசா முடிகிறது. போலந்தில் லாரி ஓட்டும் வேலைக்கு ஏஜென்சி மூலமாக டிசம்பரில் வீடியோவில் இன்டர்வியூ நடந்தது. "காலையில் வண்டி மேல் பனி கிடக்கிறது. முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். மனுஷன் நம்ம ஊர்ப் புழுதிக்காற்றை நினைத்துக்கொண்டு, "வண்டியை ஸ்டார்ட் பண்ணி, தண்ணி அடிச்சு, வைப்பர் போடுவேன்" என்று சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்தது. அவருடைய பழைய ரெக்கார்டு சுத்தமாக இருந்ததால் ஜனவரியில் இன்னொரு வாய்ப்பு தந்தார்கள். அதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்கள்.

கூடவே விதிமுறைத் தாள் ஒன்றை இந்தியில் அனுப்பியிருந்தார்கள். கூரை முதலில், பிறகு கண்ணாடிகள், விளக்குகள், நம்பர் பிளேட். ஓடும்போது ஐஸ் பறந்து பின்னால் வருகிறவர் மேல் விழுந்தால் ஓட்டுநர்தான் பொறுப்பு. கருப்பையா அதை மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் முகத்தில் தெம்பு இல்லை.

"எழுதிருக்குறதச் சொல்லிப்புடுவேன் பாய். பனியப் பாத்துருக்கியான்னு கேட்டா என்ன சொல்றது? எனக்குப் பொய் வராது."

எனக்கு வரும். ஆனால் அவருக்காக நான் இன்டர்வியூவில் உட்கார முடியாதே. அதனால் தபூக் போகலாம் என்றேன். சவூதியின் வடமேற்கு மூலையில் இருக்கும் தபூக் பக்கத்து மலைகளில் சில வருடங்கள் ஜனவரியில் பனி விழும். ஜபல் அல்-லவ்ஸ், அதாவது பாதாம் மலை, அதில் பெயர் பெற்றது. வெள்ளி போக மூன்று நாள் லீவு கேட்டார். அவருடைய சூப்பர்வைசர், "மூணு நாள், கலாஸ். நாலாவது நாள் மாஃபி", அதாவது மூன்றோடு சரி, நாலாவது கிடையாது என்று கையெழுத்துப் போட்டார். நான் கடைச் சாவியை மச்சானிடம் கொடுத்தேன். "பனியப் பாக்க எங்களக் கூட்டிட்டுப் போவ மாட்டீங்க, கருப்பையாவைத்தான் கூட்டிட்டுப் போவீங்க" என்று வீட்டில் ஒரு வார்த்தை. அது நியாயமான வார்த்தைதான்.

வியாழன் காலை நாலரைக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி, குப்பை அள்ளும் முறம், என் கடையில் தரை தள்ளும் சிவப்புக் கைப்பிடி ரப்பர் வைப்பர். பனி தள்ளும் பிரஷ் தம்மாமில் எங்கே கிடைக்கும்? கடைக்காரனிடம் கேட்டால் ஃப்ரிட்ஜ் செக்‌ஷனைக் காட்டுவான்.

ரியாத் 400 கிலோமீட்டர், எட்டரைக்குத் தாண்டினோம். புரைதா வழியாக ஹாயில் நகரம் வந்து சேர மாலை நாலரை. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். சாலை நன்றாக இருக்கிறது, ஒட்டகம் குறுக்கே வரும் இடங்களில் வேலி இருக்கிறது, ஆனால் தூக்கம் வரும். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவதுதான் நல்லது. ஹாயிலில் இரண்டு கட்டில் அறை 130 ரியால்.

வெள்ளி காலை ஏழுக்குக் கிளம்பி 640 கிலோமீட்டர் ஓட்டி மூன்றரைக்குத் தபூக். வழியெல்லாம் பளிச்சென்று வெயில். பனி விழும் என்ற அறிகுறியே இல்லை. இவ்வளவு பெட்ரோலை எரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் கருப்பையா முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குள் உதைத்தது. தபூக்கில் டீ கொடுத்த மலையாளி செய்தி சொன்னார். முந்தின நாள் ராத்திரியே மலையில் பனி விழுந்துவிட்டதாம், ஊரே படம் எடுக்கப் போயிருக்கிறதாம். கருப்பையா டீயை வைத்துவிட்டு இன்னொரு டீ சொன்னார். காசையும் அவரே கொடுத்தார். பதினான்கு வருடத்தில் முதல் முறை என்பதால் பதிவு செய்கிறேன்.

சனிக்கிழமை தொழுகை முடித்து ஆறரைக்குக் கீழே வந்தால் காரின் முன் கண்ணாடி முழுக்க உறைபனி. வெள்ளைப் பெயின்ட் அடித்தது போல் இருந்தது. நான் ஓடிப்போய் அறையில் இருந்த கெட்டிலைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தேன். ஊற்றப்போன கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுடுதண்ணி ஊத்தக் கூடாதுன்னு போட்டுருக்கு பாய். கண்ணாடி விரிசல் விட்டுப்போகும்."

"எதுல போட்டிருக்கு?"

"பேப்பர்ல."

சூப்பர் மார்க்கெட் பாயின்ட் கார்டை எடுத்துப் பொறுமையாகச் சுரண்டினார். பத்து நிமிடத்தில் கண்ணாடி சுத்தம். கொதித்த தண்ணீரில் நான் டீ போட்டுக்கொண்டேன்.

தபூக்கிலிருந்து மலைப்பகுதி 170 கிலோமீட்டர். எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். உச்சிப் பக்கம் போக விடவில்லை, கட்டுமான வேலை நடக்கிறதாம். ஆனால் சாலையோரச் சரிவிலேயே கணுக்கால் அளவுக்குப் பனி கிடந்தது. கருப்பையா இறங்கி, குனிந்து, ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு காரைத் திரும்பிப் பார்த்தார்.

"பாய், வண்டி மேல ஒண்ணுமே இல்லயே. எதத் தள்ளுறது?"

உண்மைதான். பனி விழுந்தது வியாழன் ராத்திரி, நாங்கள் வந்தது சனி காலை. 1,850 கிலோமீட்டர் வந்த பிறகுதான் இரண்டு புத்திசாலிகளுக்கும் இது உறைத்தது.

வேறு வழி? வாளியையும் முறத்தையும் எடுத்து எங்கள் காரின் மேல் நாங்களே பனியை அள்ளிப் போட்டோம். யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அங்கிருந்த சவூதிக் குடும்பங்கள் எல்லாம் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. பானட்டின் மேல் பனியைக் குவித்து, அதற்கு மூக்கு வைத்து, ஊருக்குள் ஓட்டிப்போய்க் காட்டுவது இங்கே ஒரு வழக்கம். எங்களையும் அந்தக் கோஷ்டி என்று நினைத்து ஒருவர் கஹ்வா என்ற அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் குவித்துவிட்டுத் தள்ளுவதைப் பார்த்ததும்தான் அவருக்குக் குழப்பமாகிவிட்டது.

கருப்பையா மூன்று தடவை செய்தார். நான் அள்ளிப் போட, அவர் தள்ள. அந்தக் குளிரிலும் வேர்த்தது. வைப்பரை இழுக்கக் கூடாது, மேலிருந்து பக்கவாட்டில் தள்ள வேண்டும், அடியில் ஒட்டியிருப்பதைக் கையால் எடுக்க வேண்டும் என்று அவரே கண்டுபிடித்தார். என்னைப் படம் எடுக்கச் சொன்னார். எந்தப் படத்திலும் அவர் சிரித்ததில்லை. அன்று சிரித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதோடு கிளம்பியிருக்கலாம். நான்காவது தடவை குவித்ததில் கூரைப் பனியை மட்டும் விட்டுவைக்கச் சொன்னது நான்தான். தபூக் வரை போனால் அந்த டீக்கடைக்காரருக்குக் காட்டலாம், பாதி கரைந்தாலும் மீதி இருக்குமே என்று ஆசை.

"ரூஃப்தான் மொதல்லன்னு பேப்பர்ல..."

"அது போலந்துல கருப்பையா. இங்க எல்லாரும் மேல வச்சுக்கிட்டுத்தானே போறாங்க? ஒண்ணும் ஆகாது, எடு வண்டிய."

என் கை விறைத்துப்போயிருந்ததால் அவர் ஓட்டினார். மணி பத்தே கால். ஹீட்டரை முழுக்கத் திருகினேன். உள்ளே சூடாகச் சூடாகக் கூரைப் பனியின் அடிப்பக்கம் இளகும் என்பது எனக்கு எங்கே தெரியும்? நாலு கிலோமீட்டர் இறங்கியிருப்போம். ஒரு வளைவில் முன்னால் போன பிக்கப் திடீரென்று நின்றது. அதன் பின் சீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். கருப்பையா பிரேக் அடித்தார். கூரையில் இருந்த அத்தனை பனியும் ஒரே பாளமாகச் சரிந்து முன் கண்ணாடியில் விழுந்தது.

எதிரே ஒன்றுமே தெரியவில்லை. கார் வைப்பர் பாதி எழும்பி, பாரம் தாங்காமல் முனகி நின்றுவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பிரேக்கை விடவில்லை, ஸ்டியரிங்கை ஒடிக்கவும் இல்லை. வண்டி நின்ற பிறகு கதவைத் திறந்து இறங்கிப் போய்ப் பார்த்தோம். பிக்கப்புக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. பிள்ளைகள் இன்னமும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பின்னால் வந்த போலீஸ் வண்டி நின்றது. இளவயது அதிகாரி. கண்ணாடியைப் பார்த்தார், கூரையில் மிச்சம் இருந்ததைப் பார்த்தார்.

"ஸதீக், ஃபோக் ஸல்ஜ் மாஃபி. கிளீன். யல்லா."

நண்பா, மேலே பனி இருக்கக் கூடாது, சீக்கிரம் சுத்தம் செய் என்று அர்த்தம். ஃபைன் போடவில்லை. ஆனால் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கருப்பையா சிவப்பு வைப்பரை எடுத்தார். கூரை, முன் கண்ணாடி, பின் கண்ணாடி, விளக்குகள், நம்பர் பிளேட். வரிசை தவறவில்லை. முடிந்ததும் அதிகாரி வைப்பரைக் காட்டி, "குட், குட்" என்றார். பிறகு கீழே வந்த சவூதி வண்டிகளையும் நிறுத்தி மூக்கு வைத்த பனியை எல்லாம் இறக்கச் சொன்னார். அதில் இரண்டு வண்டிக்குக் கருப்பையாதான் தள்ளிக் கொடுத்தார்.

ஹாயில் திரும்பும் வழியில், "என் மேலதான் தப்பு" என்று ஒரு தடவை சொன்னேன். "விடுங்க பாய்" என்றார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு என் கடையின் பின்னறையில் இன்டர்வியூ. அங்கேதான் நெட் நன்றாக வரும். திரையில் போலந்துப் பெண்மணி ஒருவர், கூடவே இந்தியில் மொழிபெயர்க்கும் ஏஜென்சிக்காரர். கேமராவில் படாமல் ஓரமாக நான். எதிர்பார்த்த கேள்வி வந்தது. கூரையிலிருந்து நம்பர் பிளேட் வரை கடகடவென்று சொன்னார். அந்த அம்மா விடவில்லை. கூரை ஏன் முதலில் என்று கேட்டார்.

இவர் மலைப்பாதை, பிக்கப், பிள்ளைகள், சரிந்த பனி என்று எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் ஓரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினேன். வண்டியை ஓட்டியது யார் என்று அடுத்த கேள்வி. என்னைக் காட்டியிருக்கலாம். விட்டுவைக்கச் சொன்னது பாய் என்றாவது சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை.

"மே சலா ரஹா தா, சாப்" என்றார். நான்தான் ஓட்டினேன். "ஓட்டுறவன்தான் தள்ளிருக்கணும். தள்ளாம எடுத்தது என் தப்பு" என்றும் இந்தியிலேயே சேர்த்துச் சொன்னார்.

அந்த அம்மா ஏதோ எழுதிக்கொண்டார். அழைப்பு முடிந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஒன்பதாம் நாள் ஆஃபர் லெட்டர் வந்தது. அதைப் பார்த்து முதலில் அழுதது யார் என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை.

இனி போகிறவர்களுக்கு. பெட்ரோல் 620 ரியால், மூன்று ராத்திரி அறை 410, சாப்பாடும் டீயும் 210, ஆக இரண்டு பேருக்கு 1,240. பனி விழுந்த மறுநாளே மலைக்குப் போய்விட வேண்டும், மூன்றாம் நாள் தேட வேண்டியிருக்கும். பனி அதிகமானால் சாலையை மூடிவிடுவார்கள், தபூக்கில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். இகாமா என்ற குடியிருப்பு அட்டையும் வண்டிப் பேப்பரும் கையில் இருக்கட்டும். செருப்போடு போகாதீர்கள், நான் போனேன். துபாயில் அல் குசைஸில் இருந்த காலத்தில், ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் புழுதி படிந்த என் காரில் துடைக்கச் சொல்லி முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அழகுக்காக ஒரு சட்டமா என்று அப்போது திட்டினேன். இப்போது எந்த வண்டியிலும் எதுவும் ஒட்டிக்கொண்டிருந்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

நீளமான கைப்பிடி உள்ள தரை வைப்பர் ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள். கூரையை முதலில் தள்ளுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒண்ணும் ஆகாது என்று சொன்னால் அவரையும் இறக்கித் தள்ளச் சொல்லுங்கள்.

கருப்பையா மார்ச்சில் கிளம்பினார். அவர் போன மறுநாள் கடை கழுவலாம் என்று பார்த்தால் சிவப்பு வைப்பரைக் காணோம். மச்சானைத் திட்டினேன், பக்கத்துக் கடை பங்களாதேஷ்காரரைச் சந்தேகப்பட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு படம் வந்தது. பருவம் தப்பி விழுந்த பனியில் ஒரு லாரி, அதன் பக்கத்தில் உயரமான இரும்பு மேடை, மேடையில் மஃப்ளரும் தொப்பியுமாகக் கருப்பையா. கையில் என் வைப்பர். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்.

"ரூஃப் முடிஞ்சிருச்சு பாய், இனிமேத்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

அன்று மாலை கடைக்குப் புது வைப்பர் வாங்கினேன். பதினைந்து ரியால்.