பிலமோன் வீட்டுத் தபாலும் காரைக்குடித் தபாலும்

என் சின்னண்ணன் ஒரு கடிதத்தில் தன்னைப் புகழ்ந்த பகுதியை மட்டும் எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டு, மீதியைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டார். அதை எழுதியவர் பெரியண்ணன். பதிலுக்குக் காத்திருந்தே அவர் போய்ச் சேர்ந்தார்.

முதலாம் ஆண்டு நினைவு மலரில் இதையெல்லாமா எழுதுவது என்று உறவினர்கள் கேட்பார்கள். இந்தப் பக்கத்துக்குச் சின்னண்ணனும் ஒரு கட்டுரை தந்தார். அதில் பெரியண்ணனை "அமைதியின் சிகரம்" என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தார். வழியில் போகிற ஆட்டை நிறுத்தி வாதம் செய்யக்கூடியவர் பெரியண்ணன். மலரை அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. அதனால் அதை எடுத்துவிட்டு இதைப் போட்டேன்.

பெரியண்ணன் கண்டரமாணிக்கத்தில் பிறந்தார். அவர், சின்னண்ணன், தங்கை நான் என்று மூன்று பேர். அப்பா சீக்கிரமே இறந்துபோனதால் பெரியண்ணனின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. தபால்காரர் வேலை கிடைத்தது. சித்திரை வெயிலில் சைக்கிள் மிதித்துச் சின்னண்ணனைப் படிக்கவைத்தார்; எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். பிள்ளைகள் இல்லை. அண்ணியார் இறந்த பிறகு தனியாக இருந்தார். சமைக்கத் தெரியாது. சுடுதண்ணீரைக்கூட அடிப்பிடிக்க வைப்பார்.

ஓய்வு பெற்றதும் வேதாகமத்தைக் கையில் எடுத்தார். நற்செய்திகளின் பக்கம் போகவில்லை. "அதைச் சாமியார் பாத்துக்கிருவாரு. கடுதாசி நம்ம டிபார்ட்மெண்டு" என்பார். புனித பவுலின் திருமுகங்களில் ஆகச் சிறியதைப் பிடித்துக்கொண்டார். பிலமோன் என்ற வசதியான மனிதருக்கு எழுதியது. ஒரே பக்கம். மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபித்துவிட்டுச் சுண்டல் சாப்பிட்டுக் கலையும் எங்கள் ஊர் அன்பியத்தில் அந்த ஒரு பக்கத்தை இரண்டு வருடம் நடத்தினார். சுண்டல் எப்போதும் ஆறித்தான் கிடைத்தது.

பின்னணி இதுதான். ஒனேசிம் என்பவன் பிலமோனின் அடிமை. வீட்டைவிட்டு ஓடிப்போய், சிறையில் இருந்த பவுலிடம் சேர்ந்தான். ஓடிய அடிமையை எசமான் என்ன செய்தாலும் அந்தக் காலத்தில் கேட்க நாதியில்லை. பவுல் அவனைக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறார்: இவனை இனி அடிமையாக அல்ல, சகோதரனாகச் சேர்த்துக்கொள் என்று. பெரியண்ணன் இதைத் தபால்காரராகவே படித்தார்.

"யார் பேருக்கு வந்திருக்குன்னு மொதல்ல பாருங்க. பிலமோனுக்கு மட்டுமில்ல, அவரு வீட்ல கூடுற சபைக்கும் சேத்துத்தான். அப்பக் கோயில் ஏது? நம்ம அன்பியம் மாதிரி வீட்லதான் கூட்டம். எல்லாரு முன்னாடியும் படிக்கணும். வீட்டு விசயம்னு மடிச்சு வைக்க முடியாது."

சின்னண்ணன் காரைக்குடியில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். அவர் பெயரில் மணந்த குழம்பையெல்லாம் வைத்தவர் ஆரோக்கியம். ஐம்பது வயதைத் தாண்டியவர். பாதி ஆயுள் சின்னண்ணனின் அடுப்படியில் போனது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு, கொட்டகைக்குப் பின்னால், நின்றுகொண்டுதான் அவருக்குச் சாப்பாடு. சின்னண்ணன் மகள் கல்யாணத்தில் மணப்பெண்ணே கூப்பிட்டதால், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்தார். சின்னண்ணன் வந்து தோளைத் தொட்டார்.

"ஏப்பா, நீ பெறகு சாப்பிடலாம்ல? சம்பந்தி வீட்டாளுக நிக்கிறாக."

"பாப்பா கூப்பிட்டுச்சுங்க."

"அது சின்னப்பிள்ள. எந்திரி."

ஆரோக்கியம் எழுந்தார். கொட்டகைக்குள் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இன்னொரு கையில் நாலடிக் கரண்டி இருந்ததே கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டபோதுதான் அவருக்குத் தெரிந்ததாம். இங்கே இரண்டாம் பந்திக்குச் சின்னண்ணனே உலை வைத்தார். சோறு வந்ததும் சம்பந்தி வீட்டார் டம்ளர் கேட்டார்கள்.

ஆரோக்கியம் போய் இறங்கியது பெரியண்ணன் வீட்டில். மூன்றாம் நாள் சின்னண்ணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பெரியண்ணன் பேசுவார் என்பதால் நானும் கேட்டேன்.

"கரண்டியத் திருடிட்டு ஓடுனவனுக்குச் சோறு போடுறீகளாக்கும்?"

"அவன்தான்டா எனக்குச் சோறு போடுறான்."

"நீங்க நடத்துற கடுதாசியிலயே ஓடுனவனத் திருப்பி அனுப்பத்தான சொல்லியிருக்கு? அனுப்புங்க."

"அனுப்புறேன். என்ன சொல்லி அனுப்புனாருன்னு முழுசாப் படிச்சியா தம்பி?"

படிக்கவில்லை. அதனால் பெரியண்ணன் ஒரு வாரம் உட்கார்ந்து தானே ஒரு பக்கம் எழுதினார். நகல் இல்லாமல் எதையும் அனுப்பக் கூடாது என்று திருப்பத்தூரில் உள்ள என் ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி எடுத்தார். பிறகு கடிதத்தை ஆரோக்கியத்தின் கையில் கொடுத்தார்.

"ஐயா, ரிஜிஸ்டர் தபால்ல போட்றலாமே?"

"ஒன்னப் பத்துன கடுதாசி. ஒனேசிமும் தானேதான் கொண்டுபோயிருக்கான்."

"போனவன் நல்லபடியாத் திரும்புனானாய்யா?"

"அதத்தான் எழுதி வைக்கலையே. பிலமோன் பதிலக் காணமே."

ஆரோக்கியம் கடிதத்தோடு கரண்டியையும் எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குக் கிளம்பினார். துணைக்குப் போனவள் நான்.

அன்று சின்னண்ணன் வீட்டில் அந்த ஊர் அன்பியக் கூட்டம். ஆரோக்கியம் வாசலில் நின்று கரண்டியை நீட்டினார். சின்னண்ணன் கரண்டியை வாங்கிக்கொண்டார். ஆளை உள்ளே கூப்பிடவில்லை. கடிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்: "அன்புத் தம்பிக்கும், உன் வீட்டில் கூடும் அன்பியத்துக்கும். உன் கையால் பசியாறியவர்கள் உன்னை வாழ்த்துவதைக் கேட்டு மகிழ்கிறேன்." கைதட்டினார்கள். அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பவுலும் முதலில் பாராட்டிவிட்டுத்தான் கேட்பார். பாராட்டைப் படித்தவன் கேள்வியையும் படித்துத்தானே ஆகவேண்டும் என்பது பெரியண்ணனின் எண்ணம். சொந்தத் தம்பியை அவருக்குத் தெரியவில்லை.

"ஆகையால்" என்ற சொல்லில் சின்னண்ணன் நின்றார். "மீதி வீட்டு விசயம். சுண்டலக் கொண்டாங்க." வாசலில் நின்ற ஆரோக்கியம் என்னோடே பெரியண்ணன் வீட்டுக்குத் திரும்பினார்.

மீதி இதுதான். நகல் என்னிடம் இருக்கிறது.

"ஆகையால் தம்பி, அண்ணன் என்ற முறையில் நான் உனக்கு உத்தரவு போடலாம். போடவில்லை, கேட்கிறேன். என்னை எங்கே உட்கார வைப்பாயோ அங்கே, உன் பக்கத்து இலையில், ஆரோக்கியத்தை உட்கார வை. உன்னிடம் மறுபடி வேலைக்கு வருவது அவன் விருப்பம். கரண்டி வளைந்திருந்தால் அது என் பொறுப்பு. எனக்கும் ஓர் அறை ஒழித்து வை. வந்து பார்க்கிறேன்."

ஒரு மாதத்தில் சின்னண்ணன் முன் அறைக்கு வெள்ளையடித்தார். முட்டி வலிக்காரர் வருகிறார் என்று வெஸ்டர்ன் டாய்லெட்டும் வைத்தார். கேள்விப்பட்டதும் பெரியண்ணன், "அறையப் பத்திப் பதில் வந்திருச்சு. ஆளப் பத்தி வரலையே" என்றார். அந்த அறைக்கு அவர் போகவே இல்லை. இதயம் பலவீனமாகிவிட்டது. கடைசி நாட்களில் ஆரோக்கியம் ஊட்டினால்தான் கஞ்சி இறங்கியது.

"தம்பி எதுவும் சொன்னானாத்தா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லண்ணே" என்றேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துப்போன திருக்கோஷ்டியூர் ஆட்டோக்காரத் தம்பிக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க மழையில் நனைந்து வந்த பங்குத்தந்தைக்கும், அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. மருத்துவமனைத் தரையில் பாய் விரித்து ஒன்பது நாள் கிடந்த சின்னண்ணனுக்கும் நன்றி. அதை மறைத்தால் நானும் பாதியை மட்டும் படித்துக் காட்டியவள் ஆவேன்.

இன்றைய நினைவு விருந்தைப் பெரியண்ணனுக்காக ஆரோக்கியம் சமைத்திருக்கிறார். திருப்பலி முடிந்ததும் இந்த மலர் உங்கள் கைக்கு வரும். அடுத்தது பந்தி. சின்னண்ணனே, இலை போட்டதும் மைக்கைப் பிடித்து, பங்குத்தந்தையும் உங்கள் சம்பந்தி வீட்டாரும் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் பக்கத்து இலையில் ஆரோக்கியம் உட்காரலாமா, கூடாதா? ஒரு சொல் போதும். அதைச் சொல்லும்வரை யாரும் சோற்றில் கை வைக்க வேண்டாம் என்று வந்திருக்கும் உறவினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.