நான்கு முறை வென்றவரின் கையெழுத்து

ஒரு கையெழுத்தால்தான் ஒருவருக்கு மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும் என்றால், அந்தக் கையெழுத்து இல்லாதவர் எங்கே போவார்? ஏரவாடாவில் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்த நாளிலிருந்து இக்கேள்வி என்னை விடவில்லை.

கஞ்சி போட்ட வெள்ளைக் குர்தா, உறங்காத கண்கள். மராத்தியரான அவர், எங்கள் தமிழ்க் குடியிருப்பில் வாக்குக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றவர். ஒவ்வொரு பரிந்துரைக் கடிதத்திலும் கையெழுத்திட்டதும் பேனாவை மூடிவிட்டு, எதிரில் நிற்பவரின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்ப்பார்.

என் முறை வந்தது. "அப்பாவுக்கு மூச்சுத் திணறுது, சாஹேப். பெட் இல்லேங்கிறாங்க."

"இந்த லெட்டரைக் காட்டு தம்பி, குடுப்பாங்க."

கடிதம் கைக்கு வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நாலு தடவை ஜெயிச்சீங்களே, இன்னொரு ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாமே?"

அவர் கோபப்படவில்லை. வாசலில் காத்திருந்த கூட்டத்தைக் காட்டினார்.

"அரே, கட்டிட்டா இவங்க எதுக்கு இங்க வருவாங்க? நீயே இன்னைக்குத்தானே வர்றே?"

மாலையிலேயே படுக்கை கிடைத்தது. வார்டுக்கு வெளியே ஒரு பெண், தரையில் கிடந்த கணவருக்கு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். அவரிடம் கடிதம் இல்லை.

என் தந்தை பிழைத்து வீடு திரும்பினார். அதுவரை அந்தச் சட்டமன்ற உறுப்பினரை எதிர்த்தே வாக்களித்து வந்த நான், அடுத்த தேர்தலில் அவருக்கே வாக்களித்தேன்.