பதினெட்டு சதவீத பேட்டரியும் புதுச்சேரிக் கடலும்

டீசல் வாசனை எனக்கு ஆகாது. பேருந்தில் ஜன்னல் ஓரம், கையில் எலுமிச்சம்பழம், முடிந்தால் ரயில். இதுதான் என் பயண வாழ்க்கை. கல்யாணமான புதிதில் கன்னியாகுமரியில் படகு ஏறி, பாறைக்குப் போய்ச் சேர்வதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து என் கணவர் சேகரும் படகு ஏறவில்லை. கடல் என்றால் அவருக்கு உயிர். ஆனாலும், "நீ வராம நான் மட்டும் போய் என்ன பண்ண" என்று கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்பார். பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். புதுச்சேரியில் மின்மோட்டார் வைத்த பாய்மரப் படகு ஓடுகிறது என்று தெரிந்ததும், இந்த மார்ச்சில் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

திருச்சியிலிருந்து விழுப்புரம் வரை ஒரு ரயில், அங்கிருந்து புதுச்சேரிக்கு இன்னொன்று. கடைசி நாற்பது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு பேட்டரி ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். புகை இல்லாத வண்டி என்பதால் பேரம் பேசாமல் ஏறினேன். படகுக்கு இருவருக்கும் சேர்த்து நாலாயிரம், இரண்டு மணி நேரம். மூன்று மணிக்குக் கிளம்பும் படகுக்குச் சேகரின் அவசரத்தால் பன்னிரண்டுக்கே போய் உட்கார்ந்திருந்தோம்.

படகை ஓட்டுபவர் ரோசலின். பக்கத்திலிருக்கும் உப்பளம் பகுதிக்காரர், நாற்பதைத் தாண்டியவர், சிரித்த முகம். தரைப்பலகையைத் தூக்கி பேட்டரிகளைக் காட்டினார்.

"கரையில சார்ஜ் போட்டுக்குவோம். மேல சோலார்ல கொஞ்சம் ஏறும். பாய்ல ஓடறப்ப தண்ணி வேகத்துல அடியில இருக்கிற விசிறி தானா சுத்தும், அதுலயும் ஏறும். டீசல் இஞ்சின் சும்மா ஒரு துணைக்கு. ரெண்டு மாசமா அத தொடவே இல்லக்கா."

மோட்டாரில் கிளம்பினோம். சத்தமே இல்லை, பேசினால் பேச்சு கேட்கிறது. முகத்துவாரம் தாண்டியதும் மோட்டாரை நிறுத்திப் பாயை ஏற்றினார். தெற்கே வீராம்பட்டினம் கரையில் வலை காயப்போட்டிருந்தார்கள். படகு ஆடத்தான் செய்தது, ஆனால் எனக்கு வயிறு புரட்டவே இல்லை. இத்தனை வருடம் கடலைக் குறை சொன்னது அநியாயம் என்று தோன்றியது. ரோசலின் சுக்கானை என் கையில் கொடுத்து, தூரத்துக் கரையைப் பார்த்தே பிடிக்கச் சொன்னார். சேகர் என்னைப் படம் எடுத்துத் தள்ளினார்.

அரை மணி நேரம் கழித்து ரோசலின் கீழே போய் மீட்டரைப் பார்த்துவிட்டு, முகம் மாறி வந்தார்.

"பதினெட்டுதான் காட்டுது. பதினொரு மணிக்கே சார்ஜ் ஒயர மாட்டுனேனே. கிளம்பறப்ப மீட்டர பாக்காம விட்டது என் தப்பு."

சேகர் தொண்டையைச் செருமினார். "கரையில காத்திருந்தப்ப செவுத்துல ஒரு சுவிட்ச் செவப்பா எரிஞ்சிட்டு இருந்துச்சு. யாரோ மறந்துட்டாங்கன்னு நெனச்சு அணைச்சேன்."

அவர் அப்படித்தான். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் மின்விசிறி நின்றிருக்கும். ரோசலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"துறைமுகத்துக்குள்ள போற வாய்க்கால்ல எதிர்நீரு ஓடுது, மோட்டார்ல போக இருவத்தஞ்சாவது வேணும். டீசல போட்டா இப்பவே திரும்பிடலாம். இல்லனா இன்னும் ஒரு மணி நேரம் பாய்லயே ஓடி ஏத்திக்கலாம். அடுத்து யாரும் வரல, நீங்க சொல்றதுதான்."

"பாய்லயே ஓடலாம்" என்றேன்.

செய்த தப்புக்குப் பரிகாரமாகச் சேகர் கீழே மீட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். "பத்தொன்பது" என்று குரல் வந்தது. வெகுநேரம் கழித்து "இருபது". இருபத்தொன்று மெலிந்து கேட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சுக்கானை ரோசலினிடம் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தால், மனிதர் வாளியைக் கட்டிக்கொண்டு வெளிறிப்போய் கிடக்கிறார்.

"ஆடுற படகுல கீழ குந்திகினு மீட்டரயே பாத்தா யாருக்கும் கொமட்டும். மேல வரச் சொல்லுங்க" என்றார் ரோசலின். சேகரால் எழுந்திருக்கவே முடியவில்லை.

"டீசலப் போடும்மா" என்றேன்.

"வேணாம்" என்று வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இன்னும் நாலுதான். அவளுக்கு அந்த வாசன ஆகாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவர்மேல் வந்த பிரியத்தை வாயால் சொன்னால் நம்ப மாட்டார். "அவர் பேச்சக் கேக்காத, போடு" என்றேன்.

இஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. வாசனை வந்தது, எனக்கும் வாந்தி வந்தது. ஒரே வாளியை இருவரும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டோம். நடுவில் ஒருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். துறைமுகத்துக்குள் நுழைந்ததும் ரோசலின் டீசலை நிறுத்தி, மிச்சமிருந்த பேட்டரியில் மெதுவாகக் கொண்டுபோய்க் கரையில் கட்டினார்.

போகிறவர்களுக்கு: பிற்பகலில் போங்கள், கடல்காற்று அப்போதுதான் நன்றாக இருக்கும். மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். டீசல் ஆகாது என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டு, கிளம்புமுன் பேட்டரி எவ்வளவு என்று கேளுங்கள். படகில் மேலேயே உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள்.

கரையேறியதும் சேகர், "போதும். இனிமே உன்ன படகுல ஏத்த மாட்டேன், நானும் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அவர் திரும்பி வருவதற்குள், மறுநாள் மூன்று மணிக்கு இரண்டு இடம் வேண்டும் என்று ரோசலினிடம் முன்பணம் கொடுத்துவிட்டேன்.