இடம் மாறிய ஊசி

மூன்று வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஆடி மாதம். இலஞ்சியில் எங்கள் தெருவிலும் நாள் முழுக்கச் சாரல். பக்கத்து வீட்டு அக்காவின் ஆட்டுக்குச் சளியும் காய்ச்சலும் வந்துவிட்டது. தனியாக இருக்கும் அக்காவுக்குப் பேச்சுத்துணையே அந்த ஆடுதான். கால்நடை மருத்துவர் ஒரு ஊசி போட்டு, மீதி மருந்தைக் கையில் கொடுத்து, மறுநாளும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்.

மழையில் ஆட்டை எப்படிக் கொண்டுபோவது என்று அக்கா தவித்தார். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று மருந்தை வாங்கிக்கொண்டேன். தென்காசியில் பதினைந்து வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். கைக்குழந்தைக்கே வலிக்காமல் ஊசி போடுகிறவள் என்ற பெருமை வேறு.

"டாக்டரு கழுத்துலல்லா போட்டாவ?" என்றார் அக்கா, தயங்கியபடி.

"இடுப்புலதான்க்கா வலிக்காது" என்று சொல்லிப் பின்பக்கம் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தால், ஆட்டின் பின்னங்கால் குளம்பு மடங்கித் தரையில் இழுபடுகிறது. எனக்கு உயிரே போய்விட்டது.

ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "மனுஷங்க மாதிரி ஆட்டுக்கு அங்கன சதை கிடையாதும்மா. நரம்புல பட்டிருக்கு. அதனாலதான் கழுத்துல போடுதோம்" என்று அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். கால் சரியாகுமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து டூட்டி முடிந்ததும் நேரே ஆட்டிடம்தான். மடங்கிய காலை நிமிர்த்தித் துணி சுற்றிக் கட்டுவேன், மெதுவாக நீவிவிடுவேன். முதலில் என்னைக் கண்டாலே ஒதுங்கியது. போகப் போக மடியில் தலையை வைத்துக்கொண்டது. அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லாமல் காப்பி போட்டுக் கொடுப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்து அது காலைப் பதிய வைத்து நடந்தபோது அழுதேவிட்டேன்.

மறுவருடச் சாரலில் திரும்பவும் காய்ச்சல். மருத்துவர் தந்த மருந்தும் ஆடுமாக அக்கா என் வாசலில் நின்றார்.

"என்னையாக்கா போடச் சொல்லுதிய?"

"இனி ஒனக்கு எடம் மாறாதுல்லா? போடு" என்றவர், ஆட்டை அணைத்துப் பிடித்து, "ஏட்டி, ஆடாம நில்லு" என்றார்.

மருத்துவர் தொட்டுக் காட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, கழுத்தில் போட்டேன். ஆடு சத்தமே காட்டவில்லை.

இன்றும் வார்டில் ஊசி போடும்போது, கூட வந்தவர்கள் தயங்கித் தயங்கி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.