ஈரத் துண்டு

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. விடிவதற்குள் எழுந்து வாசல் தெளித்தேன். இட்லி ஊற்றி, தக்காளித் தொக்கோடு நான்கை டப்பாவில் எடுத்துக்கொண்டேன். செஞ்சி பஸ் நிலையத்தில் வழக்கமான பஸ், வழக்கமான ஜன்னலோர இருக்கை. நான் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். சோதனை எலிகளின் உறுப்புகளை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றுவது என் வேலை.

அந்த மாதம் நுரையீரல். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைச் சில எலிகள் மூடிய பெட்டிக்குள் சுவாசித்திருந்தன. சில எலிகள் சுத்தமான காற்றை. தகட்டில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனாலும் நுண்ணோக்கியில் வைத்ததும் தெரிந்துவிடும். சுத்தக் காற்றில் இருந்தவற்றின் நுரையீரல் கொசுவலைபோல் சன்னமான சுவர்களோடு, துளைதுளையாக இருக்கும். மற்றவற்றில் சுவர்கள் தடித்து, துளைகள் அடைத்து, இடையிடையே ரத்தம் கசிந்திருக்கும். அன்று வெட்டிய ஒன்றில் காற்றுக்கு இடமே இல்லை. அதன் எண்ணைக் குறித்துவிட்டுக் கத்தியைத் துடைத்து வைத்தேன்.

முந்தைய வாரம்தான் தம்பியின் ஸ்கேனைப் பார்த்திருந்தேன். தொண்டூரில் கூலிக்கு மருந்து அடிக்கிறவன் அவன். இருபது வயதிலிருந்து டேங்க்கை முதுகில் சுமக்கிறான். நுரையீரல் இறுகிப்போயிருக்கிறது, இனிப் பழையபடி ஆகாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மருந்தால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இனி அந்த வாடையே கூடாது என்றார்.

மாலையில் நான் இறங்கியபோது தம்பி பஸ் நிலையத்தில் காத்திருந்தான். மாத்திரை வாங்க வந்தவன். கையில் எனக்கு வேர்க்கடலைப் பை, தோளில் துண்டு. டீக்கடைக்குப் போவதற்குள் இரண்டு முறை நின்றான்.

“நாளைக்கு ஒரு கழனி இருக்குதுக்கா. நெல்லுல புகையான் பூச்சி வுழுந்துடுச்சி. உட்டா பயிரு தீஞ்சிடும். வரேன்னு சொல்லிட்டேன். இதோட சரி.”

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

“ஈரத் துண்டு கட்டிக்கினுதானே அடிக்கிறேன். உன் எலிக்கெல்லாம் யாரு துண்டு கட்டி உட்டா?”

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

துண்டை வாங்கி அவன் வாயைத் துடைத்தேன். துவைத்த துண்டுதான், ஆனாலும் மருந்து வாடை போகவில்லை. ஈரம் மருந்தைத் தடுக்கவில்லை. உறிஞ்சி மூக்கருகிலேயே வைத்திருந்தது. இத்தனை வருடமும் அவன் அதற்குள்தான் மூச்சு விட்டிருக்கிறான். அதைச் சொன்னேன்.

“அப்டியா” என்றான். டீயை ஊத அவனுக்கு மூச்சு போதவில்லை. தானாக ஆறும்வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துண்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அது இல்லாமல் அவன் மருந்து அடிக்க இறங்கியதே கிடையாது. அவனும் கேட்க மறந்து பஸ் ஏறிவிட்டான். வீட்டுக்கு வந்து துண்டை மூன்று தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். பல நாளைக்குப் பிறகு அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை, வாசல் தெளிப்பதற்கு முன்பே போன் செய்தேன். தம்பி மனைவி எடுத்தாள்.

“இருட்டோட போயிட்டாரு அண்ணி. துண்டு காணோம்னு என் பழைய புடவையக் கிழிச்சி, நனைச்சி கட்டிக்கினு போனாரு.”

எந்தக் கழனி என்று கேட்டுக்கொண்டு, தலைகூட வாராமல் தொண்டூர் பஸ்ஸுக்கு ஓடினேன்.