லட்டு தின்ற வாய்

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். புத்தூரிலிருந்து பிழைக்க வந்து, திருப்பதி லாட்ஜ் ஒன்றில் அறை பெருக்கிக்கொண்டிருந்தேன். யாத்ரீகர்கள் விட்டுப்போகும் லட்டைத் தின்னக் கொடுத்துத்தான் ஐந்து வயது மகளைத் தூங்கவைப்பேன். வாய் கொப்பளிக்கப் போனால் தடுப்பேன்.

“சாமி பிரசாதம்டி. துப்புனா பாவம்.”

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

மகளின் பற்கள் கறுத்தன. “பால் பல்லுதானே, வுழுந்து மொளைக்கும்” என்றார் என் வீட்டுக்காரர், அவள் நைனா. நம்பினேன். ஒருநாள் கன்னம் வீங்கி, காய்ச்சலில் பிதற்றினாள். ஆஸ்பத்திரியில் நான்கு பற்களைப் பிடுங்கினார்கள்.

“ரத்தத்தத் துப்பு பாப்பா” என்று டாக்டரம்மா கிண்ணத்தை நீட்டினார். அவள் வாயை இறுக மூடி விழுங்கினாள்.

“ஏன் முழுங்கிக்கினே கீற? துப்பு கண்ணு” என்று கெஞ்சினேன்.

“லட்டு துன்ன வாயிம்மா. துப்புனா பாவம்.”

என் பயத்தைத் தவிர அவளுக்கு நான் எதையுமே கற்றுத்தரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.