தங்கையின் நட்சத்திரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது? ஜோகுபாளையத்திலிருந்து வைட்ஃபீல்ட் வரை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என் தங்கை ரெஜினாவின் வானியல் முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்க பெங்களூரு போனேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் எல்லார் முன்னாலும் ஒரு மணி நேரம் பேச வேண்டும், வீட்டார் யாரும் உட்கார்ந்து கேட்கலாம். இது முடிந்தால் ஜெர்மனியில் அவளுக்கு வேலை தயார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பதிவு உதவும்.

ஓசூரிலிருந்து முந்தின நாள் சாயங்காலமே ஜோகுபாளையத்தில் அவள் இருக்கும் மாடி அறைக்குப் போய்விட்டேன். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். சிரிப்பு சரியில்லை. "தலைவலி, அக்கா" என்றாள், நானும் விட்டுவிட்டேன்.

காலையில் அல்சூர் மெட்ரோவுக்கு ஆட்டோ. பக்கம்தான், ஆனால் எண்பது ரூபாய்.

"மீட்டர் போட மாட்டீங்களா?" என்றேன்.

"போட்டா உங்களுக்கும் பேஜார், எனக்கும் பேஜார், மேடம். பேசாம ஸ்கேன் பண்ணிடுங்க" என்றார் ஓட்டுநர். சண்டை போடும் நேரமில்லை, கொடுத்தேன்.

மெட்ரோவில் வைட்ஃபீல்ட் கடைசி நிலையம். முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்திராநகர் தாண்டியதும் ரெஜினா மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, கடைசி அத்தியாயம் தப்பு."

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "நட்சத்திரத்தோட வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்தா நடுநடுவுல கறுப்புக் கோடு தெரியும். வேகமா சுத்தினா அந்தக் கோடு அகலமாகும். அதை வெச்சுதான் வேகத்தை அளக்கறோம். ஆனா இரும்பு மாதிரி உலோகம் நிறைய இருந்தாலும் கோடு தடிக்கும், பக்கத்துக் கோட்டோட ஒட்டிக்கும். அதனால நட்சத்திரத்துல என்னென்ன எவ்ளோ இருக்குன்னு முதல்ல சாஃப்ட்வேருக்குச் சொல்லணும். அந்த இடத்தைக் காலியா விட்டா, சாஃப்ட்வேர் சூரியன்ல இருக்கற அளவையே எடுத்துக்கும்."

"நீ காலியா விட்டுட்டியா?"

"ஆமாக்கா. இதுல சூரியனைவிட உலோகம் ரொம்ப ஜாஸ்தி. நேத்துதான் கவனிச்சேன். உலோகத்தால தடிச்ச கோட்டை வேகம்னு நினைச்சுட்டேன். வயசாக ஆக நட்சத்திரம் சுத்தற வேகம் குறையும். இது வேகமா சுத்துது, அதனால இளசு, அதுக்கு ஒரு கோள் வேற இருக்குன்னு அத்தியாயம் முழுக்க எழுதி வெச்சிருக்கேன். அது நிதானமா சுத்தற, வயசான நட்சத்திரமாக்கூட இருக்கலாம்."

அவளுடைய பேராசிரியருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. திருத்த ஆறு மாதமாவது ஆகும், ஜெர்மனிக்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள்.

ஐந்து வருஷமாக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். "இன்னைக்குப் பேசி முடிச்சுடு. அங்க போய் அப்புறமா திருத்திக்கோ. எந்தப் பொழைப்புல தப்பு நடக்கல?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெட்ரோவிலிருந்து அவள் படிக்கும் ஆய்வு நிலையத்துக்கு இன்னொரு ஆட்டோ, நூற்றிருபது ரூபாய். வாசலில் ஆதார் கேட்பார்கள், மறக்காதீர்கள். எனக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தது.

முதல் முக்கால் மணி நேரம் தடங்கலின்றிப் பேசினாள். கடைசி அத்தியாயத்தின் படம் திரையில் வந்தது. பேச்சை நிறுத்தினாள். தப்பைச் சொல்லாமல் போய்விடுவாள் என்று நம்பினேன், அப்படியே வேண்டிக்கொண்டேன். அவள் ஆங்கிலத்தில், குரல் நடுங்காமல், இந்த முடிவு தவறு, உலோக அளவை நான் கொடுக்கவில்லை, இதைத் திரும்பப் பெறுகிறேன் என்றாள்.

அவளுடைய பேராசிரியர் முகம் இறுகிப்போய், அப்படியானால் அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கேட்டார்.

"இப்போதைக்குத் தெரியாது சார்" என்றாள்.

வெளியே வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நான் சொன்ன வயசை நம்பி நாளைக்கு வேற யாராவது கணக்குப் போடுவாங்கக்கா" என்றாள். ஜெர்மனி வேலை அடுத்த வாரமே கைவிட்டுப் போனது.

போகிறவர்களுக்கு: மெட்ரோக் கட்டணத்தை அடிக்கடி ஏற்றுகிறார்கள், நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அறையில் ஏசி குளிரும், சால்வை வேண்டும். ஒன்றும் புரியாவிட்டாலும் போய் உட்காருங்கள். பேச்சுக்கு முன்னால் யோசனை மட்டும் சொல்லாதீர்கள். நான் சொன்னதை அவள் கேட்டிருந்தால், ஒரு பொய்க்கு நான்தான் காரணமாகியிருப்பேன்.

ரெஜினா அதே நட்சத்திரத்தை முதலிலிருந்து அளந்துகொண்டிருக்கிறாள். இதைப் படிக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒன்று: ஜெர்மனி என்னாச்சு என்று அவளுக்கு போன் போடாதீர்கள். என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன்.